குட்டை மரங்களுக்கு மார்கழிப் பாதுகாப்பு

ஆல், அரசு, இச்சி, புளி முதலிய மரங்களைத் தொட்டியில் குட்டையாக வளர்க்கும் முறை போன்சாய் எனப்படும். பல்லாண்டுகள் பேணிய மரமும் ஒரே மார்கழியில் பட்டுப்போவதுண்டு. பனியே காரணம் எனப் பலர் எண்ணுகின்றனர். கோவில்பட்டிக் கரிசல் பகுதியில் வேரில் தேங்கும் ஈரமே பெரும்பாலும் காரணமாகும்.

இம்மரங்களுக்குப் பொதுவாக 10 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழேதான் குளிரால் தீங்கு நேரும். நம் பகுதியில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனால் இரவு குளிர்ந்தால் வளர்ச்சி மந்தமாகி, வேர் நீர் உறிஞ்சுவது குறையும். களிப்பாங்கான கரிசல் மண்ணோ வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை எளிதில் விடாது. காற்றோட்டமின்றி வேர் அழுகி, இலை மஞ்சளாகி உதிரும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினால் மரம் மடியும்.

கவனிக்க வேண்டியவை:

1. மேல்மண் அரை அங்குலம் காய்ந்த பின்னரே, காலையில் நீர் ஊற்றவும்.

2. தொட்டியைச் செங்கல் மேல் வைத்து, வடிதுளை அடையாமல் பார்த்துக்கொள்ளவும். காலை வெயில் படவேண்டும்.

3. வேர் வெட்டுதல், மண் மாற்றுதல், உரமிடுதல் ஆகியவற்றைப் பங்குனிக்கு ஒத்திவைக்கவும். அப்போது தனிக் கரிசலை நீக்கி, செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து இடவும்.

உதகை, கொடைக்கானலுக்கு மரத்தைக் கொண்டுசெல்வோர் கவனிக்க: அங்கு டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி விழும். இலையிலுள்ள நீர் உறைந்து திசுக்கள் சிதைந்து இலை கருகும். ஆகவே இரவில் வீட்டினுள் வைக்கவேண்டும்.

நம் கரிசல் பூமியிலோ, மரத்தைப் போர்த்துவதைவிட நீரை அளந்து ஊற்றுவதே சிறந்த பாதுகாப்பு.