ஊர் நிலமும் ஊரார் கருத்தும்



நாளிதழின் ஓரத்தில் சிறிய எழுத்தில் வெளியாகும் ஓர் அறிவிப்பை நீங்கள் கண்டிருக்கலாம். இன்ன கிராமத்தில் இன்ன புல எண் கொண்ட நிலத்தை விவசாயப் பகுதியிலிருந்து குடியிருப்புப் பகுதியாக மாற்ற உத்தேசம். ஆட்சேபம் உள்ளோர் குறித்த நாளுக்குள் எழுதித் தெரிவிக்கலாம் என்பது அதன் சாரம். நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று இதனைச் சொல்வர். வாசிப்பவர் சிலரே, வாழ்வு மாறுவதோ ஊர் முழுவதற்கும்.

நகரமைப்புக்கெனச் சென்னை மாகாணத்தில் 1920-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. அதனையடுத்த சில ஆண்டுகளில் மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்றும் உண்டு. காண்பதற்கு ஏரிதான் இல்லை! இன்று நடைமுறையில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். இதன்படி 2008-இல் ஒப்புதல் பெற்ற சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம், 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பை வீடு, வாணிகம், தொழில், விவசாயம் முதலிய பகுதிகளாக வகுத்தது. அவ்வகுப்பை மாற்றுவதற்கே மேற்கண்ட அறிவிப்பு.

நான் குடியிருப்பது சென்னையின் தென்புறத்துப் புறநகர் ஒன்றில். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்லும். பின்னர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். இத்தகைய நீர்த்தொடரின் ஓரத்தில்தான் எங்கள் ஊர் நன்செய்கள் இருந்தன. அவற்றுள் ஒரு பகுதியைக் குடியிருப்பாக மாற்றும் பேச்சு எழுந்தபோது, ஊரார் கருத்து ஒன்றாக இருக்கவில்லை.

நிலத்துக்கு உரியவரான முதியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, மதகு அடைபட்டு இருபது வருஷம் ஆச்சு. சுற்றிலும் வீடு. நான் மட்டும் எந்தத் தண்ணியை வச்சு நாற்று நடுறது?" இக்கேள்வியைப் பேராசை என்று தள்ளுவது நியாயமன்று. உழவு செய்ய வழியை அடைத்துவிட்டு, உழவு நிலமாகவே வைத்திரு என்பது அவருக்குத் தண்டனையே ஆகும். சேமிப்பையெல்லாம் கொட்டி அங்கீகாரமற்ற மனை வாங்கியோர் வேறொரு சாரார். அத்தகைய மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-இல் தடை விதித்ததும், 2017-இல் வரன்முறை விதிகள் வந்ததும் அவர்களுக்கு நன்கு தெரியும். மாற்றம் வந்தால் சாலையும் குடிநீரும் வரும் என்பது அவர்களது நம்பிக்கை. கடைக்காரர்களும் அதனையே விரும்பினர்.

எதிர்த்தோர் பெரும்பாலும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் நீர் புகக் கண்டவர்கள். தாழ்ந்த வயலில் மண்ணிட்டு உயர்த்தினால், அதில் தேங்கிவந்த நீர் அடுத்த தெருவைத் தேடிச் செல்லும். இது எளிய பௌதிகம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் அடைபட்டால் அப்பெருமை எங்கள் வாசலைக் காக்காது.

என் எண்ணத்தையும் கூறிவிடுகிறேன். வீடு கட்டவே கூடாது என்பாருடன் நான் உடன்படவில்லை. அப்படிச் சொல்வோரும் ஒரு காலத்து வயல்மீதுதான் வீடு கட்டிக் குடியிருக்கின்றனர். வாய்க்காலுக்கும் கலங்கலுக்கும் உரிய இடத்தை விட்டபின் எஞ்சியதில் கட்டட்டும் என்பதே என் நிலை.

ஆட்சேப மனு எழுதுவோர் "எங்கள் ஊரைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் அதிகாரி என்ன செய்ய இயலும்? புல எண் வேண்டும். அந்த எண் பட்டா நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை 'அ' பதிவேடு காட்டும். வாய்க்காலின் போக்கையும் அளவையும் புல வரைபடம் காட்டும். என் பழைய மாணவர் சிலர் அவ்வரைபடத்தின் பிரதியோடும் அளவு நாடாவோடும் வாய்க்கால் நெடுகச் சென்று, அகலம் குறைந்திருந்த இடங்களைக் குறித்து வந்தனர். அக்குறிப்பு மனுவோடு இணைக்கப்பட்டது. முதலில் கையொப்பமிட்டவர் அந்த நிலத்துக்குரிய முதியவரே.