மாறும் முகவரியும் திறந்த வாசலும்

வெளியூர் சென்றவர் தம் வீட்டு வாசலிலுள்ள கேமராவையோ, குடும்பப் புகைப்படங்களைச் சேமித்து வைத்திருக்கும் கணினியையோ கைபேசி வழியாக நேரடியாக எட்ட வேண்டுமானால், வீட்டு இணைய இணைப்பின் ஐபி முகவரி அந்தக் கைபேசிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்த முகவரி நிலைத்திருப்பதில்லை. இன்றும் பரவலாகப் புழங்கும் நான்காம் பதிப்பு ஐபி முகவரி 32 பிட் நீளமே உடையது என்பதால் உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு; அவற்றின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயிற்று. ஆகவே இணைய நிறுவனங்கள் பல, முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே ஒதுக்குகின்றன. ரவுட்டர் அணைந்து மீண்டும் இயங்கும்போது வேறோர் எண் வந்துவிடக்கூடும்.

இதற்குத் தீர்வாக அமைந்தது மாறும் டிஎன்எஸ் என்னும் ஏற்பாடு. டிஎன்எஸ் என்பது, மனிதர் நினைவில் நிற்கும் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதற்காக 1983இல் வகுக்கப்பட்ட பெயரேட்டு முறையாகும். டக்டிஎன்எஸ், நோ-ஐபி போன்ற சேவைகளில் வீட்டுக்கென ஒரு பெயரைப் பதிந்து, ரவுட்டரிலோ எப்போதும் இயங்கும் சிறு கணினியிலோ அதற்குரிய நிரலை அமைத்துவிட்டால், முகவரி மாறுந்தோறும் அந்நிரலே புதிய எண்ணைப் பெயரேட்டுக்குத் தெரிவித்துவிடும்.

எனினும் சில இணைப்புகளில் இந்த ஏற்பாடு மட்டும் பயன் தராது. முகவரிப் பற்றாக்குறையால் சில நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன; ரவுட்டர் காட்டும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதிக்குள் அடங்கினால், வீடு அத்தகைய பகிர்வுக்குள் இருக்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் வெளியிலிருந்து வரும் அழைப்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும் என்பதால், நிலையான முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறுவதோ, 128 பிட் நீளமுள்ள ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துவதோ, வீட்டுக் கருவியே வெளியிலுள்ள ஓர் இடைநிலைக் கணினியோடு தொடர்பை ஏற்படுத்திக் காத்திருக்கச் செய்வதோதான் வழி.

முகவரி கிடைத்த பின்னர் எழும் கேள்வியே இவை அனைத்தினும் பெரிது: அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது? ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது குறிப்பிட்ட சேவைக்கான எண்ணிட்ட நுழைவழியை, கேமராவுக்கு நேரே திருப்பிவிடுவது எளிது. ஆனால் அவ்வழியை வீட்டாரைப் போலவே, இணையம் முழுவதையும் இடைவிடாது துழாவும் தானியங்கி நிரல்களும் காண்கின்றன. 2016இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாமல் இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த கேமராக்களையும் ஒளிப்பதிவுப் பெட்டிகளையும் பெருந்திரளாகக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளின் வழியே தாக்கப்பட்டது டின் என்னும் அமெரிக்க நிறுவனம். வீட்டு இணைப்புகளுக்கு மாறும் டிஎன்எஸ் சேவை வழங்கிப் பெயர்பெற்ற நிறுவனமே அது என்பதும், அன்று அதன் பெயரேட்டுச் சேவையை நம்பியிருந்த டுவிட்டர், நெட்பிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பலருக்குக் கிடைக்காமற்போயின என்பதும் வேதனைக்குரியவை. தம் கேமரா அத்தாக்குதலில் பங்குகொண்டதை அதன் உரிமையாளர் அறிய எளிய வழி ஏதும் இருக்கவில்லை.

ஆகையால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி வாசல் திறப்பதைவிட, விபிஎன் எனப்படும் மறைகுறியாக்கப்பட்ட ஒரே சுரங்கவழியை வீட்டில் அமைத்து, எல்லாக் கருவிகளையும் அதற்குள் வைப்பதே தக்கது. 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றுள்ள வயர்கார்டு இதற்கு ஏற்றது. ஏற்கெனவே பதிந்த சாவி இல்லாத எவருக்கும் அது மறுமொழியே தருவதில்லை என்பதால், துழாவும் நிரல்களுக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே புலப்படாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: லினக்ஸ் கணினியிலிருந்து இணைவோருக்கு வயர்கார்டு வீட்டுப் பெயரைத் தொடக்கத்தில் ஒருமுறைதான் எண்ணாக மாற்றிக்கொள்கிறது; இடையில் வீட்டு முகவரி மாறித் தொடர்பு அறுந்தால், இணைப்பை நிறுத்தி மீண்டும் தொடங்கவோ, பெயரை அவ்வப்போது புதிதாக வினவும் சிறு நிரலை உடன் இயக்கவோ வேண்டியிருக்கும்.