திருந்திய வில்லன் மறுபடி கெட்டுப்போனால் நம்பலாமா?

தொலைக்காட்சி நாடகத்தில் வில்லன் ஒருவன் அழுது மன்னிப்புக் கேட்டுத் திருந்துகிறான். சில மாதங்கள் கழித்து அதே ஆள் பழைய புத்தியோடு திரும்பி வருகிறான். இலங்கையின் ஊவா மாகாணத்தில் லுணுகலையைச் சுற்றியுள்ள ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்களின் லயங்களிலும் சரி, சென்னையின் அடுக்குமாடி வீடுகளிலும் சரி, பார்ப்பவர்களின் கேள்வி ஒன்றுதான்: இவன் உண்மையிலேயே இப்படிச் செய்யக்கூடியவனா, இல்லை கதை எழுதுபவர் இவனைச் செய்ய வைக்கிறாரா?

வில்லனுக்கு ஏன் ஓய்வில்லை

இந்தக் கேள்வி அடிக்கடி எழுவதற்குத் தொடர்கள் தயாராகும் முறையே காரணம். வாரத்துக்கு ஆறு நாள் ஓடும் தமிழ்த் தொடருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 300 எபிசோட் தேவை. ஒவ்வொரு நாளும் ஒரு மோதல் வேண்டும். வில்லன் திருந்திவிட்டால் மோதலுக்கு ஆளில்லாமல் போகிறது. புது வில்லனை அறிமுகப்படுத்தி மக்களின் வெறுப்பைச் சம்பாதிக்க வைப்பதற்குப் பல வாரங்களாகும். பழைய வில்லனுக்கு அந்த வெறுப்பு ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது.

வாராவாரம் வரும் டிஆர்பி புள்ளியும் கதையைத் திருப்புகிறது. புள்ளி இறங்கினால் கதையின் டிராக் மாறும். ஆனால் இந்தியாவில் ‘பார்க்’ அமைப்பு எடுக்கும் அந்தக் கணக்கில் இந்திய வீடுகள் மட்டுமே சேரும். டிஷ் வைத்து அதே நாடகத்தை அன்றாடம் பார்க்கும் ஊவாத் தோட்டத்துக் குடும்பங்களின் விருப்புவெறுப்பு அதில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டாது, குறைக்காது. கதையை மாற்றும் வலு அவர்களுக்கு இல்லாவிட்டாலும், அதை எடைபோடும் அனுபவம் நிறைய உண்டு. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளை விடிய விடியப் பார்த்துப் பழகிய சமூகம் அது.

திருதராட்டிரன் காட்டும் அளவுகோல்

அருச்சுனன் தபசின் பின்னணியிலேயே, திருந்தியவன் மறுபடி கெடும் கதை ஒன்று இருக்கிறது. முதல் சூதாட்டத்தில் பாண்டவர் எல்லாவற்றையும் இழந்து, திரௌபதி சபையில் அவமானப்பட்ட பிறகு, திருதராட்டிரன் மனம் மாறுகிறான். அவள் கேட்ட வரங்களைக் கொடுத்துப் பாண்டவரை விடுவிக்கிறான். நாட்டையும் செல்வத்தையும் திருப்பித் தருகிறான். அவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள்ளேயே, துரியோதனனின் பேச்சைக் கேட்டு இரண்டாம் சூதுக்கு அழைத்துவர ஆள் அனுப்புகிறான். வேண்டாம் என்று காந்தாரி தடுத்தும் கேட்கவில்லை. பந்தயம் பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓராண்டு அஞ்ஞாதவாசமும். அந்த வனவாசத்தில்தான் பாசுபத அஸ்திரம் வேண்டி அருச்சுனன் தவம் செய்கிறான்.

ஒரே மனிதன் இவ்வளவு சீக்கிரத்தில் குணம் மாறுவதை யாரும் குறை சொல்வதில்லை. அவன் திருந்திய விதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். நரி ஊளையிட்டது, கெட்ட சகுனங்கள் தோன்றின. பயந்துபோய்த்தான் வரம் கொடுத்தான். மகன்மேல் வைத்த கண்மூடித்தனமான பாசம் அவனுக்குள் அப்படியே இருந்தது. பயம் தணிந்ததும் அது பழையபடி தலைதூக்கியது. வில்லன் திரும்பி வருவதை நம்ப முடிகிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் அவன் திருந்தியது எதனால் என்று பார்க்க வேண்டும்.

கோபி எங்கே நம்ப வைத்தான், எங்கே சறுக்கினான்

அண்மைக் காலத் தமிழ்த் தொடர்களில் இதற்கு ஏற்ற உதாரணம் விஜய் தொலைக்காட்சியின் ‘பாக்கியலட்சுமி’. வங்காள மொழித் தொடரான ‘ஸ்ரீமோயி’யைத் தழுவி 2020இல் தொடங்கி, 2025 வரை ஓடியது. சதீஷ் நடித்த கோபி, மனைவி பாக்கியாவிடம் பொய்மேல் பொய் சொல்லி, பழைய காதலி ராதிகாவுடன் உறவு வைத்திருந்து, பிறகு விவாகரத்துப் பெற்று அவளையே மணக்கிறான். அதன் பின் அவனுடைய வில்லத்தனம் மெல்ல மெல்லக் கரைந்தது. தாய்க்கும் புது மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சிரிப்புப் பாத்திரமாகவே நெடுநாள் வலம் வந்தான்.

2024இல் கதை திரும்பியது. கோபியின் தந்தை ராமமூர்த்தி இறக்கிறார். ராதிகா தொடர்பான சிக்கலில் தாய் ஈஸ்வரிக்குத் துணை நிற்காத மகன் கொள்ளி வைக்கக்கூடாது என்று தடுக்கப்படுகிறான். இறுதிக் கிரியையை மருமகள் பாக்கியாவே செய்கிறாள். ஊர் முன்னால் பட்ட அந்த அவமானம் வஞ்சமாக மாறுகிறது. பாக்கியாவின் உணவகத்தில் கெட்டுப்போன இறைச்சியைக் கலக்கச் செய்கிறான் கோபி.

இதில் காரணம் முழுக்க நம்பத்தக்கது. பெற்ற தகப்பனுக்குக் கொள்ளி வைக்கும் உரிமை போவது தமிழ்க் குடும்பத்தில் சிறிய அடியல்ல. கோபியின் வேர்க்குணமான தற்பெருமையும் ஒருநாளும் மாறியதில்லை. தான் கைவிட்ட மனைவி தன்னைவிட உயர்ந்து நிற்பது அவனை முன்பே உறுத்திக்கொண்டிருந்தது. அவன் சிரிக்க வைத்த நாட்களிலும் திருந்தியிருக்கவில்லை, அடங்கித்தான் இருந்தான்.

செயலின் அளவுதான் நெருடுகிறது. கோபி பொய் சொல்லித் தப்பிக்கும் கோழை. குடும்பத்தாரிடம் பொய் சொல்வதற்கும், முகம் தெரியாத வாடிக்கையாளர்களின் உயிரோடு விளையாடுவதற்கும் இடையே பல படிகள் உண்டு. அந்தப் படிகளில் அவன் ஒவ்வொன்றாக இறங்குவதைத் தொடர் போதிய அளவு காட்டவில்லை. ஆனாலும் செய்த குற்றம் மறக்கப்படவில்லை. உண்மை தெரிந்ததும் பாக்கியா பொலிஸுக்குப் போகிறாள். பின்னர் மாரடைப்பு வந்து, அதே பாக்கியாவின் உதவியால் உயிர் பிழைத்துக் கோபி திருந்துகிறான். மரண பயத்தில் வந்த இந்த மாற்றம் திருதராட்டிரன் கொடுத்த வரத்தை ஒத்தது. பார்ப்பவர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்ததில் வியப்பில்லை.

தேநீர்க் கடையில் இருந்து அரண்மனைக்கு

வெளிநாட்டுத் தொடர்களில் இந்தத் திருப்பத்தைச் சிறப்பாகக் கையாண்டது ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் (2005–2008). நாடு கடத்தப்பட்ட இளவரசன் சூக்கோ, பெரியப்பா ஐரோவுடன் தேநீர்க் கடையில் வேலை பார்த்து நல்லவனாகி வருகிறான். இரண்டாம் பருவத்தின் முடிவில், தங்கை அசூலா அழைத்ததும் அவள் பக்கம் சேர்ந்து பெரியப்பாவைக் கைவிடுகிறான். பார்த்தவர்கள் ஆத்திரப்பட்டார்கள், ஆனால் நம்பினார்கள். தந்தையின் ஏற்பு ஒன்றுக்காகவே அவன் ஏங்கினான் என்பது முதல் எபிசோடுகளில் இருந்தே சொல்லப்பட்டுவந்தது. ஏங்கியது கிடைத்த பிறகும் அரண்மனையில் அவனுக்கு நிம்மதி இல்லை. அந்த ஏமாற்றமே மூன்றாம் பருவத்தில் அவனை நிலையாகத் திருத்துகிறது. மறுபடி கெட்டுப்போனது அவன் கதைக்குத் தேவைப்பட்டது. எபிசோடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக வந்ததல்ல.

எடைபோடும் முறை

இவற்றிலிருந்து நான்கு சோதனைகளை வகுக்கலாம். முதலாவது, அவன் திருந்தியது பயத்தாலா, மனம் மாறியதாலா? பயத்தால் என்றால் திரும்பி வருவது இயல்பு. மனம் மாறியவன் திரும்பி வர மிகப் பெரிய காரணம் வேண்டும். இரண்டாவது, அவனைத் தூண்டிய சம்பவம் அவனுடைய பழைய பலவீனத்தைத் தொடுகிறதா? மூன்றாவது, செய்யும் கொடுமை அவன் இயல்புக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா? நான்காவது, இடையில் நல்லவனாக வாழ்ந்த காலம் அவனிடம் ஏதாவது தடம் விட்டிருக்கிறதா? தயக்கமோ, குற்ற உணர்வோ, பழைய உறவைப் பார்க்கும்போது ஒரு தடுமாற்றமோ இல்லாவிட்டால், அவன் திருந்திய எபிசோடுகள் எல்லாம் வீணாகிவிடும்.

நான்காவது சோதனையில்தான் பெரும்பாலான தொடர்கள் தோற்கின்றன. நேற்றுவரை அண்ணியின் காலில் விழுந்து அழுதவன் இன்று அவள் சாப்பாட்டில் எதையோ கலக்கிறான். நேற்றைய அழுகை வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. நாடகம் பார்ப்பவர் எதையும் மறப்பதில்லை என்பதை எழுதுபவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

மனிதர் திருந்துவதும் மீண்டும் தவறுவதும் வாழ்க்கையில் உள்ளதுதான். அதனால் வில்லன் திரும்பி வருவது தன்னளவில் குறையல்ல. அவன் திரும்பி வந்த வழி பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்த வழியைக் காட்டாத தொடர் டிஆர்பியில் முதலிடம் பிடித்தாலும், கதையில் தோற்றதாகவே கொள்ள வேண்டும்.