கொண்டை ஊசி வளைவில் ஊற்றும் தண்ணீர்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு பழைய மகேந்திரா ஜீப்புகள் முக்கி முக்கி ஏறும். பாதி மலையில் ஒன்று ஓரங்கட்டும். பானட்டைத் தூக்கினால் ஆவி. ஓட்டுநர் கேன் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக் கிளப்புவார். அன்றைய பாடு தீர்ந்தது; ஆனால் எஞ்சினைத் தின்பது அந்தக் கேன் தண்ணீர்தான்.

துருப்பிடிக்கத் தண்ணீரோடு அதில் கரைந்த ஆக்சிஜனும் வேண்டும். உள்ளேயே சுற்றும் பழைய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் அரிப்பு மட்டுப்படும். ஒவ்வொரு கேனும் புது ஆக்சிஜனோடு உப்பையும் சுண்ணாம்பையும் கொண்டுவருகிறது. பிளாக் வார்ப்பிரும்பு; ரேடியேட்டர் செம்பும் பித்தளையும்; இணைப்புகளில் ஈயப் பற்று. உப்பு கலந்த தண்ணீர் நடுவே நின்றால் இது ஒரு பேட்டரி. அதில் இரும்புதான் கரையும். கரைந்த துரு சேறாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். அடைத்தால் சூடு, சூடேறினால் கொதி, கொதித்தால் மறுபடியும் கேன்.

மலையும் சேர்ந்துகொள்கிறது. 1,300 மீட்டருக்கு மேலே, போடிமெட்டில், தண்ணீர் சுமார் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை நூறுக்கு மேல் தள்ளும். ரப்பர் செத்த மூடியால் அது ஆகாது. விலை குறைந்த சாமான். அதைத்தான் யாரும் மாற்றுவதில்லை.

‘இங்கே பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். நமக்கு வேண்டியது அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பு மருந்துகள். அவை உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து காக்கும். பழைய வகைப் பச்சைக் கூலன்ட்டில் அந்த மருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும். நிறம் மட்டும் அப்படியே இருக்கும். நீண்ட நாள் உழைக்கும் கரிம அமில வகைகளில் சில ஈயப் பற்றை அரிக்கும். ஆகவே செம்பு ரேடியேட்டருக்கு ஏற்றதா என்று டப்பாவைப் படித்தே வாங்க வேண்டும். கலக்க, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும். வடித்த பழைய கூலன்ட்டை ஓடையில் விடாதீர்கள். அது இனிக்கும் விஷம். நாய் நக்கினால் செத்துப்போகும்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் மூடியைத் திறந்து உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். காவிச் சேறு ஒட்டினால் முதலில் கழுவ வேண்டும். பிறகு ஹோஸ், கிளாம்ப், வாட்டர் பம்ப் சீல் என்று கசிவைத் தேடி அடைக்க வேண்டும். கூலன்ட் ஊற்றுவது அதற்கப்புறம்தான்.