ஓய்வுக்குப் பிறகு ஒரு மாடித்தோட்டம்

நேற்றுவரை ‘மேனேஜர் சார்’, ‘டீச்சர்’ என்று கூப்பிடப்பட்டவர், ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டில் சும்மா இருக்கிறவர் ஆகிவிடுகிறார். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட அம்மாக்களுக்கும் இதே நிலைதான். தன் கைக்காக எந்த வேலையும் காத்திருக்கவில்லை என்ற எண்ணம், வருமானம் குறைந்ததைவிட அதிகம் உறுத்தும். மாடித்தோட்டம் கைகொடுப்பது இந்த இடத்தில்தான்.

பச்சையைப் பார்த்தாலே மனதுக்கு இதம் என்பது உண்மைதான். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்திருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கையால் வேலை செய்வதன் பலனை 2011-ல் நெதர்லாந்தில் நடந்த சிறு ஆய்வு காட்டியது. 30 பேருக்கு மன அழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, பாதிப் பேரை அரைமணி நேரம் தோட்ட வேலைக்கும் மற்றவர்களை வாசிப்புக்கும் அனுப்பினார்கள். இரு தரப்பிலும் அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அது அதிகமாகக் குறைந்து, மனமும் தெளிந்தது.

ஆனால், மன அழுத்தம் குறைவதுபோல, தொலைந்துபோன அடையாளம் அரைமணி நேரத்தில் வந்துவிடாது. ஒருவர் தினமும் விரும்பிச் செய்யும் வேலையே அவர் யார் என்பதைச் செதுக்குகிறது என்பது ஆக்குபேஷனல் தெரபி நிபுணர்களின் அடிப்படைப் பார்வை. மாடியில் சுரைக்கொடி வைத்தவரைப் பாருங்கள். ஆண் பூ மெல்லிய நீண்ட காம்பில் நிற்கும். பெண் பூவின் அடியில் குட்டிச் சுரைக்காய் போல ஒரு பிஞ்சு இருக்கும். பூ மலர்வது சாயங்காலம். உயரமான மாடிக்குப் பூச்சிகள் வருவது குறைவு. எனவே ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் இவரே மெதுவாகத் தொட்டுவைக்கிறார். சேர்ந்தால் பிஞ்சு பருக்கும். இல்லையென்றால் மஞ்சளாகி உதிரும். இதைக் கற்றுக்கொண்டவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, “எங்க வீட்டுல பிஞ்செல்லாம் கொட்டுதே, என்ன பண்ணலாம் சார்?” என்று கேட்பார். அந்த ‘சார்’ பழைய பதவிக்காக வந்ததல்ல.

தொடங்குகிறவர்கள் முதலில் முளைக்கீரை போடலாம். மூன்று, நான்கு வாரத்தில் பறித்துவிடலாம் என்பதால் நம்பிக்கை வரும். தக்காளியும் கத்தரியும் அடுத்த சுற்றுக்கு. செம்மண், மக்கிய தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நாலைந்து பைகளில் நிரப்பினால் போதும். எடுத்த எடுப்பில் ஐம்பது பை வைத்தால் தோட்டம் சுமையாகிவிடும். முழங்கால் வலி உள்ளவர்கள் இடுப்பு உயர ஸ்டாண்டில் பைகளை வைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற இன்னொரு தோட்டக்காரரைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள். விதையும் கைமாறும், பேச்சுத்துணையும் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வாரக்கணக்கில் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை என்று இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். தோட்டம் சிகிச்சைக்குத் துணை நிற்கும், அதற்கு மாற்றாகாது.