ஃபேர்பேங்க்ஸில் பனி உருகும்போது வீட்டைச் சுற்றி என்ன செய்வது?

அலாஸ்காவின் நடுவே இருக்கும் ஃபேர்பேங்க்ஸ் ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போய், முதல் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலில் வெயில் எட்டிப் பார்த்ததும் மனசு லேசாகும். ஆனால் வீட்டுக்குச் சோதனைக் காலம் அப்போதுதான் தொடங்குகிறது. மேலே பனி உருகிவிடும், கீழே மண் உறைந்தே கிடக்கும். தண்ணீர் இறங்க வழியே இருக்காது.

எப்போது உருகத் தொடங்கும்? டிசம்பர் கடைசியில் 4 மணி நேரம்கூட இல்லாத பகல், மார்ச் 20 வாக்கில் 12 மணி நேரமாகிவிடும். அந்தச் சமயத்தில் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 7 நிமிடம் கூடிக்கொண்டே போகும். ஊர்க்காரர்கள் இந்தப் பருவத்தை 'பிரேக்கப்' (ஆற்றின் மேல் உறைந்த பனிக்கட்டி உடைந்து ஓடும் காலம்) என்பார்கள். அருகே நெனானாவில், டனானா ஆற்றுப் பனி எந்த நாள், எந்த நிமிடம் உடையும் என்று 1917 முதல் பந்தயம் கட்டுகிறார்கள். 1964இல் மே 20 வரை உடையவில்லை. 2019இல் ஏப்ரல் 14லேயே உடைந்துவிட்டது. அதனால் தேதியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மார்ச் கடைசியிலேயே மண்வெட்டியை எடுங்கள்.

முதலில் எங்கே கை வைப்பது? சுவரோரத்தில். குளிர்காலம் முழுக்கக் கூரையிலிருந்து சரிந்த பனி அங்கேதான் குவிந்திருக்கும். உருகும் முன்பே அதைச் சில அடி தூரம் தள்ளிவிடுங்கள். அதோடு, வாசல் பாதைக்கு அடியில் போகும் மதகுக் குழாயையும் பாருங்கள். அதனுள் பனிக்கட்டி அடைத்திருந்தால் தண்ணீர் உங்கள் முற்றத்துக்கே திரும்பும்.

வானம் தெளிவாக இருக்கிறது, கூரை மட்டும் ஏன் ஒழுகுகிறது? வீட்டின் சூடு மேலேறிக் கூரைப் பனியின் அடிப்பாகத்தை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணையாக நிற்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து உள்ளே சொட்டுகிறது. தரையில் நின்றபடியே நீளக் கைப்பிடி வாரியால் விளிம்புப் பனியை இழுத்துவிடலாம். கோடாலியால் கொத்தினால் கூரைதான் உடையும். கூரைக்குள் வெப்பக் காப்பைப் பலப்படுத்துவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை விளிம்புக்கு நேர் கீழே யாரும் நிற்கவோ குழந்தைகள் விளையாடவோ விடாதீர்கள். சரிந்து விழும் பனிக்கட்டி ஆளைக் கொல்லும் எடை கொண்டது.

சரி, தண்ணீர் நாலு நாள் தேங்கினால்தான் என்ன? இந்த ஊரில் அதுதான் பெரிய ஆபத்து. ஃபேர்பேங்க்ஸில் பல இடங்களில் அடியில் நிலை உறைமண் (கோடையிலும் உருகாமல் ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் மண்) இருக்கிறது. தாழ்வான இடங்களிலும் வடக்கு பார்த்த சரிவுகளிலும் இது அதிகம். தெற்கு பார்த்த மலைச்சரிவில் பெரும்பாலும் இருக்காது. தேங்கும் நீர் வெப்பத்தைக் கீழே கொண்டுபோய் இந்த மண்ணை இளக்கும். அதற்குள் இருக்கும் பனிக்கட்டி உருகினால் தரை இறங்கும், வீடும் சாயும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். போன மாதம் சுலபமாக மூடிய கதவு இப்போது மேல் மூலையில் நிலையோடு உரசும். ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக ஒரு விரிசல் ஓடும். தரையில் வைத்த கோலிக்குண்டு தானாக உருளும். தூண்கள் மேல் நிற்கும் வீடுகள் சிலவற்றில் மட்டம் சரிசெய்ய ஜாக்கி வைத்திருப்பார்கள். அந்த வேலையை அனுபவமுள்ளவர்களிடம் விடுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள பாசியையும் மரங்களையும் அழகுக்காக வழித்துவிடாதீர்கள். மண்ணுக்கு வெயில் படாமல் காப்பவை அவைதான்.

பனி போனதும் செடி வைக்கலாமா? பிர்ச் மரங்கள் மே மாதத்தில் ஓரிரு நாளிலேயே பச்சையாகிவிடும். பார்க்க அவ்வளவு அழகு! ஆனாலும் தக்காளி நாற்றை வெளியே நட ஜூன் 1 வரை பொறுப்பதே அங்குள்ள வழக்கம். பிர்ச் மகரந்தமும் மே மாதத்தில் கடுமையாகப் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விலங்குகள் வருமா? வரும். பறவைத் தீனிக் கூடுகளை ஏப்ரல் தொடக்கத்திலேயே இறக்கிவிடுங்கள். தூக்கம் கலைந்த கரடிக்கு அந்த விதைகள் நல்ல விருந்து. மே பாதிக்கு மேல் மூஸ் (குதிரையைவிட உயரமாக வளரும் பெரிய மான்) குட்டி போடும். குட்டியோடு நிற்கும் தாய் மூஸ், கரடியைப்போலவே ஆபத்தானது. நாயை அவிழ்த்துவிடாதீர்கள். மூஸ் பாய்ந்து வந்தால் தயங்காமல் ஓடி மரத்துக்கோ வீட்டுக்கோ பின்னால் மறையுங்கள்.

அங்கே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தக் கதவு உரசுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். மண்ணைத் துளையிட்டுச் சோதித்த அறிக்கையைக் கேளுங்கள். அது கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.