14 வீதம், ஆனால் எந்த இடத்தில்?

வாடை மழைக்கு இன்னும் சில கிழமைகளே இருக்கின்றன. கல்முனை, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரரின் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: சோளம் 14 வீத ஈரத்துக்குள் காய்ந்துதான் சைலோவுக்குள் போனது, வெப்பமானியும் கூடுதலாக எதையும் காட்டவில்லை, பிறகு எப்படிப் பூஞ்சணம்?

அந்த 14, அரசு நெல் வாங்கும்போதும் கேட்கும் எண்தான். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தபோதும் அதுவே நிபந்தனை. ஆனால் உங்கள் சோளத்தின் 14, சைலோ வாசலில் சில கைப்பிடி மணியை எடுத்துப் பார்த்த சராசரி. உள்ளே போன ஈரம் போட்ட இடத்தில் நிற்பதில்லை.

வெயிலில் சூடேறிய மணிகளின் ஈரம், இடைவெளிக் காற்றோடு மேலே ஏறுகிறது. இரவில் கூரைத் தகரம் குளிர்ந்ததும், சோற்றுப் பானை மூடிபோல வியர்த்து மேற்படையில் சொட்டுகிறது. மழைக்காலத்தில் பகலிலும் கூரை குளிர்ந்தே கிடக்கும். சைலோவின் மொத்த ஈரம் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. சராசரி எடுத்தால் இப்போதும் 14க்குள்தான் வரும். ஆனால் மேற்படையில் பூஞ்சணத்துக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அது மூச்சு விடும்போது சூடும் தண்ணீரும் வெளியாகும். அந்தத் தண்ணீர் அடுத்த மணியை நனைக்கும்.

அந்தச் சூட்டை, சைலோவுக்குள் தொங்கும் வெப்பமானிக் கம்பி பிடித்துவிடும் என்பார் அதை விற்பவர். பிடிக்கும், பக்கத்தில் இருந்தால். தானியம் சூட்டை மிக மெதுவாகவே கடத்துவதால், ஒரு மீற்றர் தள்ளி நடப்பது உணரிக்குத் தெரிய நாட்கணக்காகும். ‘முழுச் சைலோவும் கண்காணிப்பில்’ என்ற விளம்பரத்தை ‘கம்பியைச் சுற்றிய மணி மட்டும்’ என்று வாசியுங்கள். இடைவெளிக் காற்றின் ஈரப்பதனையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து அளப்பது இதனால்தான்: பூஞ்சணத்தின் மூச்சு அதன் சூட்டைவிட வேகமாகப் பரவும். அந்த ஈரப்பதன் 70 வீதத்தைத் தாண்டினால், கம்பி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மற்றக் கேள்விகள்:

பழுதானதை நல்லதோடு கலக்கலாமா? கூடாது, 1960இல் இங்கிலாந்தில் அஃப்லடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஏறிய கடலைப் பிண்ணாக்கு ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகளைக் கொன்றது.

சூடாக்கினால் நஞ்சு போகுமா? தீவன ஆலையின் சூட்டுக்குப் போகாது.

விசிறி? கச்சான் காலத்துப் பகற்காற்று காயவைக்கும். வாடைக் காற்றை ஊதினால் ஈரத்தைத்தான் ஊட்டுவீர்கள்.

சாக்கில் வைத்திருப்பவர்? பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள்.

கருவி இல்லாதவர்? விடியற்காலையில் மேல்மூடியைத் திறந்து கூரையின் உட்பக்கம் நனைந்திருக்கிறதா, புளித்த வாடை வருகிறதா என்று பாருங்கள். மணிமேல் இறங்காதீர்கள், ஆளையே உள்ளிழுத்துவிடும்.